வெள்ளிக்கிழமை ஏழு மணி அடுப்பு

தம்பெரே நகரத்தின் அந்த ஐந்து மாடிக் குடியிருப்பில் இல்போ ஹக்கராய்னெனைக் கணினி நிபுணராக்கியது ஓர் அச்சு இயந்திரம். குடியிருப்போர் சங்கத்தின் பொதுக்கூட்டத்தில் அது அச்சடிக்க மறுத்தபோது, கம்பி செருகப்படவில்லை என்பதைக் கண்டுபிடித்தவர் அவர். செருகினார். ஓடியது. நிர்வாகக் குழு ஏகமனதாக அவரைத் தகவல் தொழில்நுட்பப் பொறுப்பாளராக நியமித்தது. வேண்டாம் என்று சொல்ல இல்போவுக்கு வாய்ப்பு இருந்தது. சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து கண்ணாடி முன் நின்று அந்தப் பதவியை ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தார் என்பது அவர் மனைவி தூலிக்கிக்கு மட்டுமே தெரியும்.

பிழைப்புக்கு அவர் ஓட்டுநர் பள்ளியில் சாலை விதிகள் நடத்துகிறார். வண்டியில் அல்ல, வகுப்பறையில். தூலிக்கி நகரத்து டிராம் ஓட்டுகிறாள். வீட்டில் சாலையைப் பற்றிப் பேச்சு வந்தால் "விதி உனக்குத் தெரியும், திருப்பம் எனக்குத் தெரியும்" என்று ஒரு வரியில் முடித்துவிடுவாள். இல்போ அப்போதெல்லாம் ஜன்னலுக்கு வெளியே ஏதோ முக்கியமானதைப் பார்ப்பார்.

குடியிருப்பின் அடித்தளத்தில் பொதுச் சௌனா ஒன்று இருந்தது, சுட்ட கல்லில் தண்ணீர் ஊற்றி ஆவியில் குளிக்கும் மர அறை. ஒவ்வொரு வீட்டுக்கும் வாரத்தில் ஒரு மணிநேர முறை. ஹக்கராய்னென் வீட்டுக்குக் கிடைத்தது செவ்வாய் மாலை நான்கு. அந்த நேரத்தில் இல்போ யாருக்காவது முந்திச் செல்லும் விதியை விளக்கிக்கொண்டிருப்பார், தூலிக்கி ரயில் நிலையத்தைத் தாண்டிக்கொண்டிருப்பாள். கல்யாணமான நாளிலிருந்து இருவரும் தங்கள் வீட்டுச் சௌனாவில் சேர்ந்து உட்கார்ந்தது விடுமுறைக் காலத்தில் மட்டும்தான்.

வெள்ளிக்கிழமை ஏழு மணிதான் சொர்க்கம். வாரம் முடிந்திருக்கும், மறுநாள் எழ வேண்டியதில்லை. அந்த முறையை வைத்திருந்த மூதாட்டி மகளோடு போய் இருந்துவிட்டாள். அதன் பிறகு அது யாருக்கும் ஒதுக்கப்படவில்லை. காரணம், கதவுப் பூட்டையும் கல்லடுப்பையும் இயக்கியது ஒரு மடிக்கணினி. மூடியில் விரிசல் விழுந்து, பியூஸ் பெட்டியின் மேல் படுத்தபடி இரைத்துக்கொண்டிருக்கும் கிழம். அதிலிருந்த முறைப் பட்டியலை மாற்றப் போனால் அப்படியே உறைந்துபோய்விடும். ஆகவே வெள்ளிதோறும் ஏழு மணிக்கு அடுப்பு தானாகச் சூடேறியது, பூட்டு தானாகத் திறந்தது, மாடிப்படியெல்லாம் சூடான மரத்தின் வாசனை ஏறியது. அதை முகர்ந்துகொண்டு எல்லோரும் அவரவர் வீட்டுக்குப் போனார்கள். தன் முறையல்லாத சௌனாவுக்குள் நுழைவது அந்த ஊரில் அடுத்தவர் படுக்கையில் போய்ப் படுப்பதற்குச் சமம்.

குளிர்காலம் முடியும் தறுவாயில் மடிக்கணினியின் திரையில் ஓர் அறிவிப்பு வந்தது: உங்கள் இயங்குதளத்துக்கான ஆதரவு முடிந்துவிட்டது.

இல்போ உடனே புதிய பதிப்பை ஏற்றப் பார்த்தார். இந்தக் கணினியிடம் குறைந்தபட்சத் தகுதிகள் இல்லை என்று திரை சொன்னது. வயது, நினைவாற்றல், வேகம் மூன்றிலும் குறை. இல்போவுக்கு அது தன்னைப் பற்றிய தனிப்பட்ட கருத்தாகவே பட்டது. வீம்பு வந்துவிட்டது. இணையத்தில் தேடி, பழைய கணினிகளுக்கென்றே இலவசமாகக் கிடைக்கும் இயங்குதளம் ஒன்றைக் கண்டுபிடித்து, ஒரு பென் டிரைவில் ஏற்றிக்கொண்டார். புதிய இயங்குதளம் வந்தால் பட்டியலை மாற்றலாம். பட்டியலை மாற்றினால் வெள்ளி ஏழு யாருக்காவது போகும். இத்தனை பாடுபட்டவருக்கே போவதுதான் நியாயம் என்று அவருக்குத் தோன்றியது. அதைத் தூலிக்கியிடம் சொல்லவில்லை. கையில் கொடுத்து அசத்தலாம் என்று எண்ணம்.

நிர்வாகக் குழுத் தலைவர் அர்வோ வைனிக்கா, எடை அளவுத் துறையில் ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவர். கடை கடையாகத் தராசைச் சந்தேகித்தே தலை நரைத்தவர். எழுந்து நின்று பென் டிரைவை விரலிடுக்கில் பிடித்து எடை பார்த்தார்.

"இதோட விலை என்ன?"

"இலவசம், தலைவரே."

குழு கவலையோடு ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டது.

"இங்க பாரு இல்போ," என்று அர்வோ நின்றபடியே தொடங்கினார். அவர் உட்கார்ந்து பேசியதை யாரும் கண்டதில்லை. "ஒரு பொருளோட விலை எவ்வளவுங்கிறது முக்கியமே இல்ல. அதை எப்படி முடிவு பண்ணினோம்ங்கிறதுதான் முக்கியம். மூணு பேர்கிட்ட விலை கேக்காம இந்தச் சங்கம் ஒரு பல்புகூட மாத்தினது கிடையாது. அதனாலதான் மூணாவது மாடி இன்னைக்கும் இருட்டா இருக்கு. அதை நான் பெருமையோட சொல்றேன்."

இல்போ மூன்று இலவச இயங்குதளங்களின் விலையை எழுதிக் கொண்டுவந்தார். மூன்றும் சுழி. குழு அவற்றை நெடுநேரம் ஒப்பிட்டது.

"ரொம்பக் குறைவானதை எடுத்தா தரம் இருக்காது," என்றார் அர்வோ. "ரொம்ப அதிகமானதுன்னா கேள்வி வரும். நடுவுல இருக்கறதை எடுப்போம்."

நடுவில் இருந்தது இல்போவின் பென் டிரைவில் இருந்ததேதான். இதைத் தம் ராஜதந்திரம் என்று இல்போ நெடுநாள் நம்பினார். உண்மையில் அவர் எழுதிய வரிசை அப்படி அமைந்துவிட்டது, அவ்வளவுதான்.

அடுத்து, இந்த வேலையை யார் செய்வது என்ற கேள்வி. "நான் செய்யறேன், அரை மணிநேர வேலை" என்றார் இல்போ. பொதுச்சொத்தில் ஒருவர் தனியாகக் கை வைப்பதாவது! அது தல்கோவில்தான் நடக்க வேண்டும் என்று தலைவர் தீர்த்துச் சொன்னார். தல்கோ என்றால் குடியிருப்பில் உள்ளவர்கள் எல்லாம் ஒன்றுகூடிக் கூலியில்லாமல் செய்யும் வேலை. வசந்தத்தில் முற்றத்து இலைகளை வாருவதற்குக் கூடுவார்கள், கடைசியில் சாசேஜ் சுட்டுச் சாப்பிட்டுக் கலைவார்கள். சென்ற ஆண்டு அறிவிப்பையே எடுத்து, 'முற்றம்' என்ற இடத்தில் 'இயங்குதளம்' என்று போட்டு வாசலில் ஒட்டினார்கள். 'கையுறையும் வாருகோலும் கொண்டு வரவும்' என்பது அப்படியே நின்றுவிட்டது.

கொண்டு வந்தார்கள். சனிக்கிழமை மதியம் அடித்தள நடையில் ரப்பர் பூட்ஸும் கையுறையுமாக முழுக் குடியிருப்பும் வரிசையாக நின்றது. ஏன் வாருகோல் என்று யாரும் கேட்கவில்லை. அறிவிப்பில் இருந்தது, அவ்வளவுதான். காபிக்கும் சாசேஜுக்கும் பொறுப்பு கைசு என்ற இரண்டாம் மாடிப் பெண்மணி. எந்தக் கூட்டத்துக்கும் அவள் ஏலக்காய் பன்னோடுதான் வருவாள், ஆகவே எந்தக் கூட்டமும் அவளை மீறி முடிவெடுக்காது.

அர்வோ ஒரு மரப்பெட்டியின் மேல் ஏறினார்.

"நண்பர்களே! இன்னைக்கு இந்தக் கட்டடத்தோட மூளையில நாம கை வைக்கிறோம். சில பேர் கேக்கலாம், இத்தனை பேர் எதுக்குன்னு. நான் கேக்கறேன், தப்பு நடந்தா அது ஒருத்தர் தப்பா இருக்கணுமா, எல்லாரோட தப்பா இருக்கணுமா? எல்லாரோட தப்புன்னா அது தப்பே இல்ல, அது அனுபவம். இருபது வருஷமா நான் தலைவரா இருக்கேன். இதுவரைக்கும் நான் தப்பே பண்ணினதில்ல. அனுபவம் நிறைய இருக்கு."

கையுறைகள் மந்தமாகத் தட்டின.

இல்போ மடிக்கணினியை ஒரு முக்காலியில் வைத்தார். இவ்வளவு கண்கள் தன் விரல்களைப் பார்ப்பது அவருக்குப் பிடித்திருந்தது. வகுப்புக் குரல் தானாக வந்தது. "முதல்ல கண்ணாடி பார்க்கறோம். அப்புறம் சைகை காட்டறோம். அப்புறம்தான் திரும்பறோம்."

"எங்க திரும்பணும்?" என்றது பின்வரிசை.

"அது ஒரு உவமை."

"ஆரம்பி இல்போ, காபி ஆறுது," என்றாள் தூலிக்கி. அவள் மட்டும் வாருகோல் கொண்டு வரவில்லை.

பென் டிரைவைச் செருகி, கணினியை அணைத்து எழுப்பினார். திரை கறுத்து, ஒரு கட்டத்தைக் காட்டியது: கடவுச்சொல்.

இல்போ திரையைப் பார்த்தார். திரை இல்போவைப் பார்த்தது. இது அவர் படித்த விளக்கங்கள் எதிலும் இல்லை. பழைய பொறுப்பாளர் ரெய்னோ என்றைக்கோ போட்டு வைத்த பூட்டு அது.

"ரெய்னோ எங்க?"

எல்லாத் தலைகளும் ஒரே பக்கம் திரும்பின. நடையின் கோடியில் சௌனாவின் மரக்கதவு. சனிக்கிழமை மதியம் ரெய்னோவின் முறை. உள்ளே கல்லில் தண்ணீர் விழுந்து சீறுவது கேட்டது.

கடவுச்சொல் அந்தக் கதவுக்குப் பின்னால் நிர்வாணமாக உட்கார்ந்திருந்தது. கதவைத் தட்டலாம் என்று அங்கே ஒருவருக்கும் தோன்றவில்லை. கட்டடம் தீப்பற்றியிருந்தால்கூட முதலில் அவருடைய முறை எப்போது முடிகிறது என்றுதான் பார்த்திருப்பார்கள்.

"காத்திருப்போம்," என்றார் அர்வோ.

காத்திருந்தார்கள். இதில் அவர்களை மிஞ்ச ஆளில்லை. வாருகோல்களின் மேல் மோவாயை ஊன்றிக்கொண்டு, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் நின்றார்கள். யாரோ "இந்த வருஷம் வசந்தம் தாமதம்" என்றார். வெகுநேரம் கழித்து இன்னொருவர் "ஆமா" என்றார். பேச்சு களைகட்டியது என்றே சொல்ல வேண்டும்.

இரண்டாம் முறை காபி போடக் கைசுவுக்குப் பிளக் பாயின்ட் தேவைப்பட்டது. இருந்தது ஒன்றுதான். அதில் இருந்த ஏதோ ஒரு கம்பியைப் பிடுங்கிவிட்டுத் தன் கம்பியைச் செருகினாள். மடிக்கணினியின் பேட்டரி இறந்து பல வருடம். திரை அணைந்தது. கணினியில் மின்சாரம் இருக்கும்வரை கடைசிக் கட்டளைப்படி எரியும் அடுப்பும் அணைந்தது.

"கைசு! என்ன பண்ணினே?"

"காபி வேணுமா, வேண்டாமா?"

தலைவர் யோசித்தார். "காபி முதல்ல ஆகட்டும்."

உள்ளே ரெய்னோ தண்ணீர் ஊற்றும் ஓசை தொடர்ந்தது. சீறல் மட்டும் ஒவ்வொரு முறையும் மெலிந்துகொண்டே வந்து, கடைசியில் வெறுமனே கல்லில் தண்ணீர் விழும் சத்தமாயிற்று. சௌனா ஆறிக்கொண்டிருந்தது. ஆனாலும் ரெய்னோ வெளியே வரவில்லை. முறை முறைதான். முழு நேரமும் இருந்துவிட்டுத்தான் துண்டைக் கட்டிக்கொண்டு வந்தார். உடம்பெல்லாம் மயிர்க்கூச்செறிந்து உதடு நீலம் பாரித்திருந்தது. எதிரே வாருகோல்களோடு நிற்கும் கூட்டத்தைப் பார்த்தும் அவர் முகம் மாறவில்லை.

"எப்படி இருந்துச்சு ரெய்னோ?" என்றார் அர்வோ மரியாதைக்கு.

"நல்லா இருந்துச்சு," என்றார் ரெய்னோ, பல் கிட்டியபடி.

இல்போ கணினியின் கம்பியை மறுபடி செருகிக் கடவுச்சொல் கேட்டபோது ரெய்னோ கூட்டத்தைப் பார்த்தார். கூட்டம் புரிந்துகொண்டது. "எல்லாரும் சுவர்ப் பக்கம் திரும்புங்க!" என்று அர்வோ ஆணையிட்டார். குழந்தை குட்டிகள் உட்பட அத்தனை பேரும் வாருகோலோடு சுவரைப் பார்த்து நின்றார்கள். இல்போவும்தான். பின்னால் நிசப்தம். பிறகு ஒரே ஒரு தட்டு. எவ்வளவு காதைத் தீட்டியும் இரண்டாவது தட்டு கேட்கவில்லை. அத்தனை வருடம் அந்தக் கட்டடத்தைக் காத்துவந்தது ஒற்றை எழுத்து.

மற்றதெல்லாம் சப்பென்று முடிந்துபோனது. நீலக் கோடு ஒன்று திரையில் வளர்ந்தது. அதைப் பார்த்துக்கொண்டே சாசேஜில் கடுகு விழுதைத் தடவிச் சாப்பிட்டார்கள். கோடு முடிந்தது. கணினி எழுந்தது. ரெய்னோ எழுதிவைத்த அடுப்பு நிரலை இல்போ மறுபடி ஏற்றினார். பட்டியல் வந்தது, தொட்டால் மாறியது. இல்போவுக்குக் கண் கலங்கிவிட்டது. நல்லவேளை, சாசேஜ் புகை இருந்தது.

"தலைவரே, இனிமே வெள்ளிக்கிழமை ஏழு மணியை யாருக்காவது ஒதுக்கலாம்," என்றார் குரலைச் சாதாரணமாக வைத்துக்கொண்டு.

அர்வோ அந்தத் திரையை நோக்கி ஒரு தராசுப் பார்வை பார்த்தார். "அவசரம் வேண்டாம். புது இயங்குதளம். முதல்ல கண்காணிப்புக் காலம் ஒண்ணு வேணும். வெள்ளி ஏழு காலியாவே இருக்கட்டும், சோதனைக்கு."

"எவ்வளவு நாள்?"

"அதைக் கண்காணிச்சுத்தான் சொல்ல முடியும்."

இல்போ கொதித்துப்போனார். வீட்டில் தூலிக்கியிடம் நிர்வாகக் குழுவை வாய் ஓயும்வரை திட்டினார். "அதிகாரம்னா என்ன தெரியுமா? ஒரு விஷயத்தைச் செய்யாம இருக்கறதுக்குப் பேர் வைக்கத் தெரிஞ்சிருக்கணும். அவ்வளவுதான்!" சொன்னது அவருக்கே மிகவும் பிடித்துப்போய் இரண்டாம் முறையும் சொன்னார்.

"நல்லா சொன்னே," என்றாள் தூலிக்கி, பூட்ஸைக் கழற்றிக்கொண்டே. "ஏன் அங்க சொல்லலை?"

வெள்ளிக்கிழமை வந்தது. பொறுப்பாளர் என்ற முறையில் அடுப்பு சரியாக ஏறுகிறதா என்று பார்க்க ஏழு மணிக்கு அடித்தளத்துக்கு இறங்கினார். உடைமாற்றும் அறையில் ஒரு கோட்டும் கால்சட்டையும் விளிம்போடு விளிம்பு சேர்த்து மடித்து வைக்கப்பட்டிருந்தன. கதவைத் திறந்தார். மேல்பலகையில், ஆவிக்குள், உச்சி முதல் உள்ளங்கால்வரை வேக வைத்த நண்டு நிறத்தில் அர்வோ வைனிக்கா உட்கார்ந்திருந்தார். அவர் உட்கார்ந்து பேசியதை இல்போ அன்றுதான் முதன்முறையாகக் கேட்டார்.

"கதவைச் சாத்து, சூடு போகுது."

"தலைவரே, இது... எத்தனை நாளா?"

"நான் குளிக்கலை. அளக்கறேன்." அர்வோ கரண்டித் தண்ணீரைக் கல்லில் வீசினார். "யாருமே இல்லாம ஒரு அடுப்பு எரியறது பொதுச்சொத்து வீணாகிறது. யாருக்காவது குடுத்தா மத்தவங்களுக்கு வருத்தம். அதனால அந்தப் பாரத்தை நானே சுமந்துக்கிட்டு வரேன், அந்த அம்மா காலி பண்ணின வாரத்துலேர்ந்து. யாருகிட்டயும் சொல்லிக்காம. தலைமைன்னா அதுதான்."

இல்போவுக்குச் சொல்ல நிறைய இருந்தது. நாக்கு நுனிக்கே வந்துவிட்டது. ஆனால் வெள்ளிக்கிழமையின் ஆவி அதற்குள் அவர் கழுத்தை, தோளை, வாரம் முழுக்க இறுகிக் கிடந்த பிடரியைத் தடவிக் கொடுக்கத் தொடங்கியிருந்தது.

"கண்காணிப்புக்கு ஒருத்தர் பத்தாது," என்றார் அர்வோ, மேல்பலகையில் நகர்ந்து இடம் விட்டு. "தொழில்நுட்பம் தெரிஞ்சவங்க ஒருத்தர் இருந்தா நல்லது."

இல்போ சட்டைப் பொத்தானில் கை வைத்தார். கொள்கைக்கும் பொத்தானுக்கும் இடையே ஒரு போராட்டம் நடந்தது என்று எழுத ஆசைதான். நடக்கவில்லை.

அதன்பின் ஒவ்வொரு வெள்ளியும் "கணினியைப் பார்த்துட்டு வரேன்" என்று கிளம்பினார். சில வாரங்கள் கழித்துப் பொதுக்கூட்டம் கூடியது. கைசு பன் தட்டைச் சுற்றி அனுப்பிவிட்டுப் பேசினாள்.

"நாலாவது மாடியில இரட்டைக் குழந்தைங்க பொறந்திருக்கு. அவங்களுக்குத் திங்கட்கிழமை காலைல முறை. அப்பா வேலைக்குப் போனப்புறம் அம்மா தனியா எந்தக் குழந்தையைத் தூக்கிக்கிட்டுப் போவாங்க? வெள்ளி ஏழு மணியை அவங்களுக்குக் குடுத்துரலாம்."

இரட்டையரின் அப்பா, தூக்கமில்லாத கண்களோடு, மேசையைப் பார்த்தபடி இருந்தார்.

"நான் ஆமோதிக்கிறேன்," என்றாள் தூலிக்கி. "நாங்க இத்தனை வருஷமா செவ்வாய்க்கிழமையோட மல்லாடறோம். அந்தக் கஷ்டம் எங்களுக்குத் தெரியும். குடுத்துருங்க."

அறை முழுதும் தலையசைந்தது. அர்வோ இல்போவை மட்டும் பார்த்தார். இல்போ, கைசுவின் தீர்மானத்துக்குக் கை தூக்கத்தான் எழுந்தார். சத்தியமாக அதற்குத்தான். ஆனால் எழுந்து நின்றதும் தம் வாயிலிருந்து வேறொரு மனிதரின் குரல் வருவதைக் கேட்டார்.

"நண்பர்களே, குழந்தைங்க மேல அக்கறை எல்லாருக்கும் இருக்கு. ஆனா அந்த அக்கறையாலதான் நாம அவசரப்படக் கூடாது. இது புது இயங்குதளம். இன்னும் அதோட குணம் முழுசாத் தெரியலை. நாளைக்கு அடுப்பு நடுவுல நின்னுபோனா அந்தப் பச்சக் குழந்தைங்க கதி என்ன? ஒரு விஷயத்தைச் செய்யறது சுலபம். பொறுப்போட செய்யாம இருக்கறதுதான் கஷ்டம். கண்காணிப்பு தொடரணும்னு நான் கேட்டுக்கறேன்."

"அருமை!" என்றார் அர்வோ. "துணைத்தலைவர் பதவி ஒண்ணு ரொம்ப நாளா காலியா இருக்கு..."

"ஒரு சின்னக் கேள்வி," என்று தூலிக்கி கையை உயர்த்தினாள். டிராமில் கதவை மூடும்முன் சொல்லும் அதே அமைதியான குரல். "வெள்ளிக்கிழமை கண்காணிச்சுட்டு வரும்போதெல்லாம் உன் காது ரெண்டும் செவசெவன்னு இருக்கே இல்போ. கணினி அவ்வளவு சூடாவா ஓடுது?"

எங்கோ ஒரு கோப்பை தட்டில் உரசியது. எல்லாரும் முதலில் இல்போவின் காதைப் பார்த்தார்கள். அன்றைக்குப் புதன்கிழமை, ஆனாலும் சிவந்துதான் இருந்தது. பிறகு, ஒரே நூலில் இழுத்தாற்போல, அர்வோவின் காதுகளைப் பார்த்தார்கள்.

வேறு ஊராக இருந்திருந்தால் நாற்காலி பறந்திருக்கும். இங்கே யாரும் கோபப்படவில்லை. கோபப்பட்டால் அதைப் பற்றிப் பேச வேண்டியிருக்குமே. ரெய்னோ தொண்டையைச் செருமினார். அவர் கூட்டத்தில் பேசுவது அதுவே முதல்முறை.

"கண்காணிப்புக் குழுவுல நானும் சேர்ந்துக்கறேன்."

"நானும்," என்றார் இரட்டையரின் அப்பா.

"அப்போ நாங்க?" என்றாள் கைசு. "ஆறு மணிக்குப் பெண்கள் கண்காணிக்கட்டும். ஏழுக்கு ஆம்பளைங்க."

ஆறு மணி யாருடைய முறை என்று அர்வோ கேட்க வாயெடுத்தார். அது கைசுவின் முறையேதான். பன் தட்டு அவர் பக்கம் வந்தது. வாயை அதற்குப் பயன்படுத்திக்கொண்டார். தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. இல்போ துணைத்தலைவரானார். அதை யாரும் எதிர்க்கவில்லை என்பதுதான் அவருக்கு வலித்தது.

அந்த வெள்ளிக்கிழமை ஆறு மணிக்கு மரக்கதவுக்குப் பின்னாலிருந்து வந்த பெண்களின் சிரிப்பு மூன்றாம் மாடிவரை கேட்டது. தூலிக்கியின் குரல் தனியாகத் தெரிந்தது. இவ்வளவு உரக்க அவள் வீட்டில் சிரித்து இல்போ கேட்டதில்லை. ஏழு மணிக்கு அவள் ஈரத் தலையும் பளபளத்த முகமுமாக வெளியே வந்து, துண்டோடு வரிசையில் நின்ற கணவரின் தோளைத் தட்டினாள். "நல்லாக் கண்காணி."

உள்ளே கட்டடத்து ஆண்கள் அனைவரும் முழங்கால் முழங்காலோடு இடிக்க நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். மேல்பலகையைக் குழந்தை பெற்றவருக்கும், குளிரில் தியாகம் செய்த ரெய்னோவுக்கும், வயதானவர்களுக்கும் ஒதுக்கினார்கள். துணைத்தலைவருக்குக் கிடைத்தது கீழ்ப்பலகையின் கதவோரம். தலை வேர்த்தது, பாதம் சில்லிட்டது. பக்கத்தில் யாரோ ஒருவரின் முழங்கை அவர் விலாவில் நிரந்தரமாகக் குடியேறியிருந்தது. இரட்டையரின் அப்பா மேலே சுவரில் சாய்ந்து வாய் திறந்து தூங்கினார். அவரை எழுப்பிவிடாமல் ரெய்னோ தண்ணீரை மெல்ல, மிக மெல்ல ஊற்றினார்.

"ஆமா இல்போ," என்று ஆவிக்குள்ளிருந்து அர்வோவின் குரல் வந்தது, "அந்தக் கணினி எப்படி ஓடுது?"

இல்போ யோசித்துப் பார்த்தார். தல்கோ நடந்த நாளுக்குப் பிறகு அவர் அதன் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

"யாராவது பார்த்தீங்களா?" என்றார்.

ஒருவரும் பார்த்திருக்கவில்லை. போய்ப் பார்க்க ஒருவரும் எழுந்திருக்கவுமில்லை. கதவைத் திறந்தால் சூடு போய்விடும்.